சின்னக் கண் வலை

என் பெஞ்சாதி பிளாரன்ஸைப் போல ஒரு அழுத்தக்காரி ஆலந்தலைக் கரையிலேயே கிடையாது. இதை அவளை வைத்துக்கொண்டே சொல்வேன், எனக்கென்ன பயம்?

நைலான் வலை வந்த புதுசு. கோயில் பக்கத்துக் கொட்டகையில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெண்களுக்கு வலை முடையப் பழக்குவது, அதை விற்று வரும் லாபத்தில் அடுத்த செட்டுப் பெண்களைப் பழக்குவது. அடுப்படி தாண்டாத பிளாரன்ஸ் ஒரே வருசத்தில் அதற்குத் தலைவி. நல்லது, எனக்கும் பெருமைதான். ஆனால் எழுபத்தாறு பங்குனியில் ஒரு தீர்மானம் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. மீன் குஞ்சு மாட்டுகிற சின்னக் கண் வலையைச் சங்கம் இனிமேல் முடையாதாம். குஞ்சையெல்லாம் அள்ளிவிட்டால் நாளைக்குக் கடலில் என்ன இருக்கும் என்று பங்குச்சாமி பூசையிலேயே பாராட்டிப் பேசிவிட்டார்.

"ஏளா, கட்டின புருசனுக்குமா கிடையாது?" என்று கரையில் வைத்துக் கேட்டேன்.

"யாருக்கும் கிடையாது" என்றாள் பிளாரன்ஸ்.

என் வள்ளத்துக் கூட்டாளி ரோச் அதைக் கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்தான். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏலே, கிழிஞ்ச வலையத் தைக்கிறவனுக்குப் புதுசா ஒண்ணு முடையத் தெரியாதா? மாதா கோயில் கொடியேத்தத்துக்குள்ள நானே சின்னக் கண்ணுல முடைஞ்சு காட்டுதேன். இல்லேன்னா பொம்பளையளு முன்னால அந்தக் கொட்டகையத் தூத்துப் பெருக்குதேன்!"

ஊரே கேட்டது. ஆம்பிளை சொன்ன சொல், இனி விழுங்க முடியுமா?

முதல் முழத்திலேயே தாவு தீர்ந்துவிட்டது. பெரிய கண்ணில் ஒரு முடிச்சுப் போடுகிற இடத்தில் சின்னக் கண்ணுக்கு நாலு போட வேண்டும். விரலெல்லாம் நூல் அறுத்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. பிளாரன்ஸ் தினமும் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள், அது இன்னும் எரிச்சல். கண்ணை ஒரு நூலளவு பெரிசாக்கினால் எவனுக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். மறுவாரம் இன்னொரு நூல்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் வலையைக் கரையில் விரித்தேன். ரோச் நான் முடைய ஆரம்பித்த தலைப்பில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான், அதுவே இறுக்கமாகத்தான் போனது. அப்படியே நடந்து கடைசிக்குப் போனான். அங்கே அவன் முஷ்டியே உள்ளே போய் வந்தது.

"ஏலே வில்பிரட்டு, சங்கத்து வலையில கூட இம்புட்டுப் பெரிய கண்ணு கெடையாதுலே!"

கரையே சிரித்தது. எனக்கு அழுகை வராத குறை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அத்தனை பெண்களும் முடைவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பங்குச்சாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வில்பிரட், தீர்மானத்தை மதிச்சுத்தான் கண்ணைப் பெரிசாக்கினீராமே! இந்த மனமாற்றத்தை ஞாயிற்றுக்கிழமை பூசையில சொல்லப்போறேன். நீர் எதுக்குப் பெருக்கணும்?"

தலையை ஆட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். பிளாரன்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனமாத்தமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல சாமி. கை வலிச்சுது" என்றேன்.

சாமியார் முகம் தொங்கிப்போய்க் கிளம்பினார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிளாரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்களுக்கு மட்டும் இரும்புக் கையா? சின்னக் கண்ணுக்கும் பெரிய கண்ணுக்கும் முழத்துக்கு ஒரே கூலி. அதான் மீன் குஞ்சு பேரைச் சொன்னோம்."

"அடிப்பாவி! அப்போ கடலு, நாளைக்கு, அதெல்லாம்?"

"அதுவும் நெசந்தான். குஞ்சு வளரத்தானே செய்யுது? ஆனா கை வலிக்குன்னு நாங்க சொல்லியிருந்தா, உங்கள்ல எந்த ஆம்பிளை கேட்டிருப்பான்?"

மூலையிலிருந்து பெருக்க ஆரம்பித்தேன்.