நாலு பேர் எடை

1

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு குட்டிக் காரின் பின்சீட்டில் முழங்கால் தாடையை இடிக்க, பக்கத்தில் முடிதிருத்தும் பெர்சிதாவின் கையிலிருந்து தலைச்சாய நெடி வீச, அசையாமல் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. அங்கே என்னை எழுத்தாளன் என்று யாரும் அழைக்கவில்லை. எழுபத்தெட்டு கிலோ என்றுதான் அழைத்தார்கள்.

கார் ஒரு ஃபிச்சா, பழைய யூகோஸ்லாவியாவின் குட்டிக் கார். செர்பியாவின் வால்யெவோவில் எங்கள் குடியிருப்பில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒன்று நின்றது, இப்போது மொத்தமே ஒன்றுதான். அதை ஓட்டுபவள் விதோசவா. விதா என்போம். ஐம்பத்து மூன்று வயது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. மலைமேல் இருக்கிற வீடுகளுக்கும் அந்தக் காரில்தான் ஏறுவாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"மழை ஓய்ந்த ஒரு மாலையில், மறைந்த தந்தையின் நினைவைச் சுமந்தபடி அந்தச் சிறிய கார்—"

[இதோடு நிறுத்திவிட்டேன். மழையே பெய்யவில்லை. விதாவிடம் படித்துக் காட்டியதும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே!]

"நினைவாவது, மண்ணாவது! எழுத்தாளரே, அது என் வண்டி. பதினோரு வருஷமா நான்தான் ஓட்டுறேன். எங்கப்பா அண்ணனுக்கு ஓட்டக் கத்துக் குடுத்தாரு. நான் பக்கத்து சீட்ல உக்காந்திருப்பேன். 'ஸ்டியரிங்கைத் தொடாத, கையை மடியில வெச்சுக்க'ம்பாரு. எழுதறதா இருந்தா அத எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம் வளவளவென்று இருந்தது. சுருக்கம் இதுதான்: அப்பா வண்டியை இருவர் பேரிலும் எழுதிவைத்துப் போனார். அதன்பின் அண்ணன் லூபின்கோ அதைத் தொட்டே பார்த்ததில்லை, ஆனால் விற்பதற்கு ஸ்லொவேனியாவில், மாரிபோரில், பழைய கார் சேர்க்கும் ஒருவரைப் பிடித்துவிட்டான். இந்த வருட வாகனத் தகுதிச் சோதனையில் கார் தேறவில்லை. முன்சக்கரங்கள் ஆடின, ரப்பர் புஷ்கள் உதிர்ந்திருந்தன. மறுசோதனை வெள்ளிக்கிழமை. அதிலும் தேறாவிட்டால் சனிக்கிழமை காலை வண்டி மாரிபோருக்கு. தேறிவிட்டால் லூபின்கோ தன் பாதியை அவளுக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இப்படி ஒரு காகிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"அவன் சிரிச்சான். போட்டேன்" என்றாள்.

3

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாகக் கார் கொட்டகைகள். அவளுடையதில் தரையில் குழி உண்டு, இறங்கி நின்று அடிப்பக்கம் வேலை பார்க்கலாம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயிருந்து சுத்தியல் சத்தம். முன்பக்கத்தில் குறுக்கே கிடக்கும் கமான் பட்டையைத் தனியாளாக ஜாக்கி வைத்து அழுத்திக் கழற்றினாள். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் புதிது, புஷ் புதிது. அதோடு விடவில்லை. பின்னால் இன்னும் விறைப்பான சுருள் ஸ்பிரிங். நாலு சக்கரத்துக்கும் வாயு அடைத்த ஷாக் அப்சார்பர், அதற்குத் தாங்கியும் அவளே வெல்டிங் வைத்தாள்.

இரண்டாம் மாடிக்காரர் ரஸ்த்கோ ஜன்னலிலிருந்து கத்துவார்: "ஏம்மா விதா, இருந்தபடியே வெச்சாப் போதாதா? ரேஸுக்கா போற?"

"நான் என்ன மியூசியமா நடத்துறேன்? மேட்டுல ஏறணும், குழில இறங்கணும். வேடிக்கை பாக்கறதுன்னா வாய மூடிட்டுப் பாருங்கண்ணே!"

இனி அவள் செய்த தவறு. காரை ஸ்டாண்டில் தூக்கிவைத்து, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, எல்லா புஷ் போல்ட்டுகளையும் இறுக்கிவிட்டாள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டது. வண்டியின் மூக்கு மேலே தூக்கியபடி நின்றது. எட்டே நாளில் புஷ் கிழிந்தது. தெரியாமல் செய்த தவறு அல்ல. நாலு பேர் உள்ளே உட்கார்ந்து, எடை ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும் என்று பழைய கையேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவளும் படித்திருக்கிறாள்.

"நாலு பேரக் கூப்பிடணும்னா நாலு பேர்கிட்ட பல்லக் காட்டணும். எங்கிட்ட அது கெடையாது" என்றாள் என்னிடம்.

(இங்கே ஒரு பின்னணி தேவை. மீட்டர் வேகத்தைக் குறைக்க ரஸ்த்கோ காந்தம் ஒட்டியிருந்ததை இரண்டு வருடத்துக்கு முன் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தவள் விதாதான். மனிதர் கல்யாணக் கச்சேரிகளில் நின்றபடி ஆளுயரப் பெரிய வயலின் வாசித்து ஓய்ந்தவர், நூற்று நாலு கிலோ. அன்றிலிருந்து அவளுக்கு வணக்கம் சொல்வதில்லை, கேலி மட்டும்தான்.)

நானும் அதே தவறைத்தான் செய்தேன். முடிவை முதலிலேயே மேசையில் உட்கார்ந்து எழுதிவைத்திருந்தேன்: கார் தேறுகிறது, குடியிருப்பே கைதட்டுகிறது, அண்ணன் கண் கலங்குகிறான். காருக்குள் ஒரு ஆளும் ஏறாதபோது இறுக்கிய முடிவு அது. ஆட்கள் ஏறியதும் கிழிந்துபோனது. நல்லவேளை.

4

வியாழன் பகல் மூன்று மணி. மறுநாள் சோதனை. இரண்டாம் தடவை வாங்கிய புஷ்கள் பொருத்தியாகிவிட்டன, போல்ட்டுகள் மட்டும் தளர்வாக இருந்தன. விதா குழிக்குள் நின்றுகொண்டு, கொட்டகை வரிசைக்கே கேட்கும்படி கத்தினாள்:

"சிரிச்சவங்கல்லாம் வாங்க! வந்து உக்காருங்க!"

கெஞ்சல் இல்லை. உத்தரவு.*

[* மணல் மூட்டை வைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "மூட்டை என்னைப் பாத்துச் சிரிக்கலியே. சிரிச்சவங்க எடைலதான் இந்த போல்ட்டு இறுகணும்" என்றாள். போய் ஏறிக்கொண்டேன். ஆம், நானும் சிரித்தவன்தான்.]

எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பெர்சிதா, கையில் சாயத்தோடே ஓடி வந்தாள். "சீக்கிரம் முடிங்கக்கா, ஒரு அம்மா தலை வெந்துகிட்டிருக்கு."

ரஸ்த்கோ வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன், மூன்று முறையும் மனிதர் ஜன்னலை விட்டு இறங்கவில்லை. ஆனால் நிஜத்தில் வந்தார். சொந்தக் கோப்பையில் பிளம் சாராயம் ஊற்றிக்கொண்டு, அதைச் சிந்தாமல், முன்சீட்டில் தன்னைத் திணித்துக்கொண்டார். கார் முனகியது.

"காந்தத்த மறந்துட்டேன்னு நெனக்காத" என்றார் தரையைப் பார்த்து.

"நானும் மறக்கல. நேரா உக்காருங்க. சாயாதீங்க."

"எவ்ளோ நேரம்?"

"கச்சேரில நாலு மணி நேரம் நின்னவருதானே? பேசாம இருங்க."

மூன்று பேர் ஆயிற்று. ஓட்டுநர் இருக்கை மட்டும் காலி.

5

அப்போதுதான் லூபின்கோ வந்தான். மறுநாள் தோற்கப்போகும் வண்டியை இன்றே பார்த்துவிடலாம் என்று வந்திருப்பான். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் செருப்பு.

"என்ன விதா, சர்க்கஸா?"

"வா. ஒரு ஆள் கொறையுது."

"நானா? எனக்கென்ன பைத்தியமா? இதோட முன்பக்கம் தேறாது, நான் சொல்றேன் கேளு. அந்த ஷாக் அப்சார்பரு—"

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது:

"உன் அபிப்பிராயத்த யாரு கேட்டா? உன் எடைதான் வேணும்."

பெர்சிதா சிரிப்பை அடக்கப் பார்த்து என் தோளில் இடித்தாள். ரஸ்த்கோ வாய்விட்டே சிரித்துவிட்டார், சாராயம் சிந்தியது. லூபின்கோ கதவைப் பிடித்தபடி நின்றான். உட்கார்ந்தால் தன் தோல்விக்குத் தானே எடை வைத்ததாகிவிடும். போய்விட்டால் பயந்து போனான் என்று இந்த மூன்று வாயும் ஊரெல்லாம் சொல்லும்.

அவன் தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்தான். கை தானாக ஸ்டியரிங்குக்குப் போனது.

"அதத் தொடாத" என்றாள் விதா கீழேயிருந்து. பார்க்காமலே எப்படித் தெரிந்ததோ! "கையை மடியில வெச்சுக்க."

6

முடிவு ஒன்று: அவன் உட்கார்ந்தான், அண்ணனும் தங்கையும் ராசியானார்கள்.

[விதா பேனாவைப் பிடுங்கி வரியை அடித்துவிட்டாள். "யாரு ராசியானா? உங்க வசதிக்கு என்னச் சேத்து வெக்காதீங்க."]

முடிவு இரண்டு: அவன் காலை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வண்டி—

[இதையும் அடித்துவிட்டாள். "தேறுச்சுன்னு எழுதினா காரைப் பேசுவாங்க. தேறலன்னா என்னைப் பாவம்பாங்க. ரெண்டும் வேணாம். நான் குழிக்குள்ள ஸ்பேனரோட நிக்கறேன் பாருங்க, அதோட நிறுத்துங்க."]

நிறுத்துகிறேன். எனக்கு முடிவு தெரியும். சொல்ல மாட்டேன்.

லூபின்கோவை என் கதையிலிருந்து இறக்கிவிடுகிறேன். அவன் ஒரு காலை உள்ளே வைத்த கணத்திலேயே அவனுக்கான வேலை முடிந்துவிட்டது. இப்போது ஓட்டுநர் இருக்கை காலி. பின்னால் நானும் பெர்சிதாவும், முன்னால் ரஸ்த்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டு. கீழே ஸ்பேனர் போல்ட்டின் தலையில் ஏறிவிட்டது.

இந்தக் கதையின் ஏதோ ஒரு வரியில் நீங்களும் அவளைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். ஆகவே ஏறுங்கள், கதவு திறந்தேதான் இருக்கிறது.

கையை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.