ஸ்பிட்கோவின் உடல்

…சதுப்பு நிலம்தான் வசதி, குதிரை மட்டும் கரையேற வேண்டும், என் தொடர்கதை நாயகன் ஸ்பிட்கோ சேற்றுக்குள் போய்விட வேண்டும், உடல் கிடைக்கக் கூடாது, அதுதான் பத்திரிகை ஆசிரியரின் ஒரே நிபந்தனை, வாசகர்கள் கூச்சல் போட்டால் அடுத்த பாகத்தில் எழுப்பிவிடலாம் என்கிறார், பிழைக்கத் தெரிந்த மனுஷன்... இருநூறு வருஷத்துக்கு முந்தைய போலந்துப் பிரபு எந்தக் கொழுப்பைத் தடவிக் காலணியைத் துடைப்பான் என்று கேளுங்கள், சொல்வேன், கிராக்கோவில் என் வீட்டு விறகு எங்கே கிடக்கிறது என்றால் தெரியாது. அச்சகத்து ஆள் சமையலறையில் இரண்டாவது கிண்ணம் பீட்ரூட் சூப் குடிக்கிறார், நான் எழுதும் பக்கத்தை வாங்காமல் கிளம்ப மாட்டார், அக்கா லியோகாதியா அவருக்கு ரொட்டி நறுக்குகிறாள், அவளிடம் எப்படிச் சொல்வது? ஸ்பிட்கோ யாரென்று அவளுக்குத் தெரியாதா என்ன, அந்தச் சிரிப்பு, சீட்டாட்டத்தில் தோற்கப் போகும்போது வரும் பொய் இருமல், எல்லாம் அவள் புருஷன் கஸ்பர், என் அத்தான், ரஷ்யப் பேரரசன் ஜாரை எதிர்த்துக் கலகத்துக்குப் போனவர், காட்டுக்குள் போனதைப் பார்த்தவர்கள் உண்டு, வெளியே வந்ததைப் பார்த்தவர் யாருமில்லை, பிடிபட்டு சைபீரியாவில் இருக்கலாம்... நவம்பர் வந்தால் கோயிலில் பாதிரியார் இறந்தவர்கள் பெயரை வாசிப்பார், ஒவ்வொரு வீட்டாரும் முன்னதாகவே அவரிடம் போய்ப் பெயர்களைச் சொல்லிவிட்டு வருவார்கள், அக்கா அப்பா பெயரைச் சொல்வாள், அம்மா பெயரைச் சொல்வாள், அத்தான் பெயரை மட்டும் சொன்னதில்லை, சொன்னால் நாமே கொன்றது போல் ஆகிவிடாதா என்று நானும் ஒவ்வொரு வருஷமும் சொல்லிச் சொல்லி...

அதற்குள் அவளே வந்தாள், மை காயாத தாளை எடுத்துப் படித்தாள். நான் உளற ஆரம்பித்தேன், செத்தானா என்று யாருக்கும் தெரியாது அக்கா, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்றேன், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், மடையன்.

“கொல்லணும்னா கொன்னுடு செவெரின். உடம்பு கிடைக்கட்டும்.”

“ஆசிரியர் ஒத்துக்க மாட்டார்க்கா.”

“அவனுக்குப் பொண்டாட்டி இருக்காளே உன் கதையில. அவ வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கணுமா? ஆசிரியரை வந்து என் பக்கத்துல உக்காந்து பாக்கச் சொல்லு.”

அழவில்லை, போய் அச்சகத்து ஆளுக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள். நான் சதுப்பு வரியைக் கோடு போட்டு அடித்தேன், ஸ்பிட்கோவைக் கரைக்கு இழுத்துப் போட்டேன், அவன் மனைவி வருகிறாள், முகத்துச் சேற்றைத் துடைக்கிறாள், சரி, பிறகு? மார்பில் அடித்துக்கொள்வாளா, அன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவாளா? கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்காவைக் கேட்டால் தெரிந்துவிடும், எழுந்திருக்கத்தான் துணிவில்லை... நாளைக்கு அக்கா பாதிரியாரிடம் போவாள், கஸ்பர் என்று சொல்வாள், சொல்லட்டும்... இத்தனை வருஷமாக அத்தானைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருந்தது அவளா, நானா?