சுண்டல் பொட்டலத்தில் ராட்சச மீன்

ரிடையரான பசுபதி, டாலஸ் பக்கத்தில், முதலாம் எலிசபெத் ராணி கால லண்டன் மாதிரி எல்லோரும் வேஷம் கட்டி நடத்தும் திருவிழாவில் புத்தகக் கடைக்காரராகிவிட்டார். வெல்வெட் தொப்பி, கழுத்தைச் சுற்றி அப்பளக்கட்டு மாதிரி ஒரு காலர். வீடு இருக்கும் இர்விங்கிலிருந்து அதே வேஷத்தில்தான் கார் ஓட்டி வருவார். அவரைப் பார்க்க ஃப்ரீவேயே ஸ்தம்பித்து நின்றது என்று சத்தியம் பண்ணுவார்.

சரக்கு ஒன்றே ஒன்றுதான். தேம்ஸ் ஆற்றில் பிடிபட்ட ராட்சச மீனைப் பற்றி அவரே எழுதி, டீ டிகாக்‌ஷனில் முக்கிக் காயவைத்த தாளில் அச்சடித்த கதை. அந்தக் கால லண்டனில் புத்தகத்தைப் பெரும்பாலும் தாள்தாளாகவே விற்பார்கள். வாங்கியவர்தான் பைண்டரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். பசுபதி இதில் படு கறார். வந்தவர்களெல்லாம் அட்டை எங்கே என்று கேட்டுவிட்டு மெழுகுவர்த்திக் கடைக்குப் போனார்கள். இன்று சாயங்காலத்துக்குள் கூட்டம் சேராவிட்டால் இடம் சோப்புக்காரிக்கு என்று திருவிழா மேலாளர் மார்த்தா சொல்லிவிட்டார்.

மதியம் மனைவி ஷ்யாமளாவைக் கடையில் உட்காரவைத்துவிட்டு பாத்ரூம் போனார். திரும்பினால் கடை வாசலில் திருப்பதி க்யூ. பசுபதிக்குத் தலைகால் புரியவில்லை. கிட்டே போனதும்தான் தெரிந்தது, ஒவ்வொருவர் கையிலும் கூம்புப் பொட்டலம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கென்று ஷ்யாமளா ஒரு அண்டா சுண்டல் கொண்டுவந்திருந்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்டே, ஷ்யாமு?"

"தட்டு எடுத்துண்டு வர மறந்துட்டேன். டீ கொட்டின பேப்பர், தைக்காம வேற கிடந்துது. வேஸ்ட்டுன்னு நினைச்சேன்."

தொலைந்தது கடை என்று அவர் ஸ்டூலில் சாய்ந்தபோது, மார்த்தா பொட்டலத்தோடு வந்து நின்றார். சுண்டலை முடித்து, தாளைப் பிரித்துப் படித்திருக்கிறார். மீனின் வயிற்றைக் கிழித்தால் உள்ளே... அங்கே தாள் தீர்ந்துவிட்டது. மீதி எங்கே என்று கேட்டார். மீதி, இரும்புக் கவசம் போட்ட வீரன் ஒருவன் கையில். அவனுக்கோ முதல் தாள் வேண்டும். சற்று நேரத்தில் மைதானமே எண்ணெய்க் கையோடு தாள் மாற்றிக்கொண்டு, உரக்கப் படித்துக்கொண்டிருந்தது.

பசுபதி தொப்பியைச் சரிசெய்தார். விற்காத தாள் அந்தக் காலத்திலும் மளிகைக்கடையில் மிளகு மடிக்கத்தான் போனது, எல்லாம் சரித்திரப்படி நடக்கிறது என்று முகம் மாறாமல் விளக்கினார். இடம் உமக்குத்தான், சுண்டலும் இருக்க வேண்டும் என்றார் மார்த்தா.

காரில் ஏறும்போது ஷ்யாமளா சொன்னாள்: "அடுத்த வாரம் வேர்க்கடலை. கதையைக் கொஞ்சம் நீட்டி எழுதுங்கோ, தாள் பத்தலை."