லெஸ்லி அழுத்தாத பொத்தான்

லெஸ்லிக்கு அன்றைக்கு ஒரேயொரு வேலைதான். வலைக்குப் பின்னால், ஐஸ் தளத்தைச் சுற்றியிருக்கிற கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒரு கதிரையில் இருக்க வேண்டும். பக் என்கிற ரப்பர் வட்டு கோட்டைத் தாண்டி வலைக்குள் போனால் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கு எரியும், கோல் என்று எல்லோருக்கும் தெரியும். கனடாவில், ஸ்காபரோவின் அந்தச் சின்ன ஐஸ் ஹொக்கி லீக்கில் இதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைப்பதில்லை. விளையாடுகிற பிள்ளைகளின் தாய் தகப்பன் யாரையாவது பிடித்து இருத்திவிடுவார்கள்.

அவர் அழுத்தவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, பிள்ளைகளே. கிட்ட வந்து இருங்கள், சொல்கிறேன்.

மோர்னிங்சைட் பெண்பிள்ளைகளுக்கும் யூனியன்வில் பெண்பிள்ளைகளுக்கும் அரையிறுதி ஆட்டம். லெஸ்லியின் மகள் ஜெசிகா மோர்னிங்சைட்டுக்கு விளையாடினாள். பதினேழு வயது, அந்த லீக்கில் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். இரண்டு பக்கமும் சமமான கோல். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஜெசிகா இடது பக்கத்தால் வந்து அடித்தாள். வலைக்கு முன்னால் தடியும் காலுமாக ஒரே நெரிசல். பக் அந்தக் கால்களுக்கு நடுவால் வந்து கோட்டைத் தாண்டியது. வலையைக் காக்கிற யூனியன்வில் கோலி விழுந்து கிடந்தபடியே அதைக் காலால் வெளியே இழுத்துவிட்டாள்.

லெஸ்லி கண்டார். அவருக்கும் அந்தப் பக்குக்கும் இடையில் கண்ணாடியும் வலையும்தான் இருந்தன.

றெஃபரிக்குப் பிள்ளைகள் மறைத்துவிட்டார்கள். விசிலை ஊதிவிட்டுக் கண்ணாடியடிக்கு வந்து, உள்ளே போனதா என்று கேட்டார். லெஸ்லிக்குப் பின்னால் யூனியன்வில் பெற்றோர் திரண்டு நின்றார்கள். "தகப்பனிடமா கேட்கிறாய்? நல்ல பதில் வரும்!" என்று ஒருத்தி ஆங்கிலத்தில் கத்தினாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

லெஸ்லி இல்லையென்று தலையை ஆட்டினார்.

ஆட்டம் திரும்பத் தொடங்கிய கையோடு யூனியன்வில் ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான், முடிந்தது.

கார் நிறுத்துமிடத்தில் மனைவி கிளடிஸ் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மேல இருந்தே கண்டனான். மூக்குக்கு முன்னால இருந்த உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது."

"அப்ப?"

"எங்கட பிள்ளை அடிச்சது, கிளடிஸ். நான் எப்பிடி அமத்திறது? தகப்பன் களவாக் கோல் குடுத்தவன் எண்டெல்லோ சனம் கதைக்கும்."

"எந்தச் சனம்? உந்த யூனியன்வில் சனமோ? உதில ஒராளின்ர பேராவது உங்களுக்குத் தெரியுமோ?"

இது லெஸ்லியின் பழைய பழக்கம். கோயிலில் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் பாட்டுப் போட்டிக்கு நடுவராக இருந்தால், தன் மகளுக்கு முதலிடம் கிடைக்காமல் பார்த்துக்கொள்வார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால், ஜெசிகாவின் சாப்பாட்டுக் கோப்பையில் இருக்கிற கோழிக்காலை எடுத்து வந்தவர்களின் பிள்ளைக்கு வைப்பார். "லெஸ்லி அண்ணை தங்கமான மனுசன்" என்று சனம் சொல்லும். அந்தப் பேரைக் கேட்கத்தான் இவ்வளவும். பறிகொடுத்தது என்னவோ அந்தப் பிள்ளை. எங்கள் ஆட்களில் எத்தனை வீட்டில் இந்தக் கூத்து நடக்கிறது!

ஜெசிகா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, கண்டீங்களா இல்லையா? ஜஸ்ட் ரெல் மீ."

"கண்டனான், குஞ்சு. உன்ர கோல் எண்டபடியால்தான்..."

"அது என்ர இல்லை!" பையை நிலத்தில் அடித்தாள். "நான் அடிச்சது வெளியால போயிருக்கும். எங்களோட விளையாடுற அட்சயாதான் தடியைக் குடுத்து உள்ள தள்ளினவள். அது அட்சயான்ர கோல். இந்த வருசம் அவளுக்கு ஒரு கோல்கூட இல்லை, அப்பா! ஒண்டுமே!"

லெஸ்லி குனிந்து அந்தப் பையை எடுத்தார்.

"கேட்டுதோ?" என்றாள் கிளடிஸ். "உங்கட பிள்ளையின்ரய எடுத்துக் குடுத்துக் குடுத்துப் பழகி, இண்டைக்கு மற்றவையின்ர பிள்ளையின்ரயும் எடுத்துக் குடுத்திட்டியள்."

"நான் போய் றெஃபரியிட்டச் சொல்லுறன்."

"றெஃபரி ஸ்கோர் ஷீற்றில சைன் பண்ணீட்டுப் போயிட்டார். கோல் திரும்ப வராது," என்றாள் ஜெசிகா. "என்ர ரீம் பிள்ளையளிட்டச் சொல்லுங்கோ. சொல்லாமல் நான் உந்தக் காரில ஏறமாட்டன்."

தகப்பனும் மகளும் திரும்ப உள்ளே போனார்கள். உடை மாற்றும் அறைக்கு வெளியே அட்சயா தனியாகச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அட்சயா பிள்ளை, அது கோல்தான்," என்றார் லெஸ்லி. "நான் அமத்தேல்லை."

"தெரியும், அங்கிள். உங்களுக்கு மறைச்சிருக்கும்."

"இல்லை. நான் கண்டனான்."

அவள் நிமிர்ந்தாள். "கண்டனீங்களா? நான் இவ்வளவு நேரமும் உள்ள எல்லாரோடயும் சண்டை பிடிச்சிட்டு வாறன்! ஜெஸ்ஸின்ர அப்பா பொய் சொல்லவே மாட்டார், அவர் கண்டிருக்கமாட்டார் எண்டு!"

லெஸ்லி அவளுடைய தோளைத் தொடப் போனார். அவள் விலகி, அறைக் கதவைத் தள்ளித் திறந்து எல்லோரையும் வெளியே கூப்பிட்டாள்.

ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் சொக்ஸுமாகப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். லெஸ்லி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அது கோல், நான் கண்டேன், இல்லையென்று பொய் சொன்னேன். ஒருத்தியும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? வளர்ந்த மனுசன் வந்து தலையைக் குனிந்தவுடன் பிள்ளைகளுக்கு ஆறிவிட வேண்டுமா?

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று அவர்களுடைய கோலி கேட்டாள்.

"ஜெசிகா அடித்தது என்று நினைத்தேன்."

அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. முகத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பக் கேட்டாள். "அப்படியென்றால், ஜெஸ் அடித்தால் அது கோல் இல்லையா?"

லெஸ்லி ஜெசிகாவைப் பார்த்தார். ஜெசிகா அதுவரைக்கும் தகப்பனுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். இப்போது அட்சயாவின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு உள்ளே போய்விட்டாள்.

வெளியே கிளடிஸ் காரை இயக்கி, ஹீட்டரைப் போட்டுவிட்டு மகளுக்காகக் காத்திருந்தாள். லெஸ்லி வந்து கண்ணாடியில் தட்டினார். அவள் கதவைத் திறக்கவில்லை.