நான்காம் பக்கத்துச் சுரம்

லண்டனிலிருந்து வந்த பொட்டலத்தை வினிஃப்ரெட் பிரித்தபோது இசைத்தாள்களில் மையின் வாடை இன்னும் போகவில்லை. எழுதியவர் உயிரோடு இருப்பவர். 1931இல் மலாயாவின் மூவாரில் அந்த நால்வருக்கும் அதுவே அதிசயம். அதுவரை அவர்கள் வாசித்ததெல்லாம் செத்து நூறு வருடம் கடந்தவர்களின் இசை.

கான்வென்ட் ஆசிரியையான வினிஃப்ரெட் இரண்டாம் வயலின். நில அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி செபஸ்தியன் முதல் வயலின். ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெசர் ரோலண்ட், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசிப்பார். முழங்காலுக்கிடையில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ ருக்னுதீனுடையது. சீமைக்குத் திரும்பிய தோட்டத் துரை ஒருவர் விட்டுப்போனது. ஆற்றோரம் ருக்னுதீன் நடத்திய சாப்பாட்டுக் கடையின் மாடியில், ஞாயிறு மதியக் கூட்டம் கலைந்ததும் நால்வரும் கூடுவார்கள்.

புதிய இசையின் நான்காம் பக்கத்தில் தடுக்கி நின்றார்கள். வினிஃப்ரெட்டின் சுரமும் செபஸ்தியனின் சுரமும் ஒன்றையொன்று உரசின; பல் கூசியது. அச்சுப்பிழை என்று சொல்லிச் செபஸ்தியன் பென்சிலை எடுத்தார். வினிஃப்ரெட் தாளைக் கொடுக்கவில்லை.

"எழுதினவரு உயிரோடதானே இருக்காரு சார். கேட்டுப் பாக்கலாமே."

அன்றே கடிதம் எழுதினார். பதில் வரும்வரை ஒரு வாரம் அச்சிட்டபடியும் மறுவாரம் திருத்தியும் வாசிப்பதென முடிவானது. திருத்திய வாரங்களில் மட்டும் செபஸ்தியன் உற்சாகமாக இருந்தார்.

இதற்கிடையில் மாதா கோவில் கூடத்தில் வாசிக்க அழைப்பு வந்தது. ஒரு பழைய இசையையும் சேர்த்துக்கொண்டார்கள். மாற்றலாகிப் போன பாதிரியார் ஒருவர் கொடுத்த தாள்கள். ஆறு வருடப் பழக்கம். ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் சந்தேகப்பட்டுப் பழகியிருந்த ரோலண்ட், இப்போது தன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரிடத்தில் அச்சுச் சுரத்தின் மேல் யாரோ பென்சிலால் அழுத்தி வேறொன்றை எழுதியிருந்தார்கள்.

பென்சில் எழுத்தை அழித்துவிட்டு அச்சில் இருந்தபடி வாசித்தார்கள். அதே உரசல்.

"இதுவும் அச்சுப்பிழையா, கிராணியாரே?" என்றார் ருக்னுதீன். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

செபஸ்தியன் மறுபடி வாசிக்கச் சொன்னார். ஐந்தாம் முறை, எப்போதும் உரக்க இழுக்கும் இடத்தில் வில்லைத் தளர்த்தினார். ரோலண்டின் சுரம் மேலே வந்து, ஒரு கணம் வலித்து, அடுத்த சுரத்தில் இளகியது. ஆறு வருடமாக இது இல்லாமல்தான் வாசித்திருக்கிறோம் என்றார் செபஸ்தியன். அடுத்த ஞாயிறு புதிய இசையைத் திருத்தி வாசிக்கவேண்டிய வாரம். அச்சிட்டபடியே வாசிப்போம் என்றவரும் அவரே. அதன்பின் நால்வருக்கும் அந்த உரசல் பிடித்துப்போனது.

கச்சேரிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பதில் வந்தது. இசையை எழுதியவரே கைப்பட எழுதியிருந்தார்: நன்றி, அது அச்சுப்பிழைதான், திருத்திக்கொள்ளவும்.

வினிஃப்ரெட் கடிதத்தைத் தயங்கித்தான் நீட்டினார். ஜெயித்தவர் செபஸ்தியன், அவர் முகமோ வாடிவிட்டது. பிடித்த மாதிரியே வாசிப்போம், மூவாரில் யாருக்குத் தெரியப்போகிறது என்றார் ரோலண்ட். ருக்னுதீன் ஒப்பவில்லை.

"நாமதான் கேட்டோம், அவரும் சொல்லிட்டாரு. இனி நம்ம இஷ்டத்துக்கு வாசிச்சா, அந்தப் பென்சில்காரருக்கும் நமக்கும் என்னா வித்தியாசம்?"

செபஸ்தியனே பேனாவை எடுத்து நான்காம் பக்கத்தைத் திருத்தினார்.

கச்சேரியன்று புதிய இசையைக் கூட்டம் அமைதியாகக் கேட்டது. பழையதை வாசிக்கும்போது, கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கும் ராஜம்மா முன்வரிசையில் விசிறுவதை நிறுத்தினார். முடிந்ததும் நேரே அவர்களிடம் வந்தார்.

"நடுவுல ஒரு எடம் ஒரு மாதிரி இருந்துச்சே. தப்பா வாசிச்சீங்களா, இல்ல அப்படித்தானா?"

பெட்டியை மூடப்போன செபஸ்தியன் வயலினை வெளியே எடுத்தார். அந்த இடத்தை மறுபடி வாசிக்க மற்ற மூவரையும் உட்காரச் சொன்னார். ராஜம்மா ஒரு நாற்காலியை ரோலண்டின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.