மூடாத விமானம்

ஐஸ்பெட்டி வைக்க இடம் போதவில்லை. நான்கு ஆண்கள் சேர்ந்து மேஜையை அப்படியே தூக்கி வாசலுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த இசக்கிசெல்வி சட்டென்று எழுந்துவிட்டாள்.

“மெதுவா! அந்த ரெண்டு பாதியும் இன்னும் காயல. ஆட்டினா ஒட்டு விட்டுரும்.”

புருஷன் பிணமாகக் கிடக்கும்போது இவளுக்கு பிளாஸ்டிக் விமானம் பெரிதாகப் போய்விட்டதா என்று யாரோ முனகினார்கள். அவள் காதிலும் விழுந்தது. விழட்டும். விமானத்தின் இரண்டு பாதிகளையும் அலமாரி மேல் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அவள் புருஷன் சுயம்பு ஏர்போர்ட்டில் விமானங்களுக்குள் சுத்தம் செய்கிறவர்களுக்கு சூப்பர்வைசர். காலையில் வேலைக்குக் கிளம்பியவர் தாராவி மெயின் ரோட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

பத்து வருடமாக இந்த ஒற்றை அறையில் விமான மாடல்கள் உருவாகிக்கொண்டிருந்தன. பெட்டியில் வருவது குட்டை விமானம். அதைக் குறுக்கே அறுத்து, இன்னொரு பெட்டியிலிருந்து துண்டு எடுத்துச் செருகி, நீள விமானமாக மாற்றுவதில்தான் அவருக்கு ஆசை. அளவு சொல்வது அவர். அறுப்பது, ஒட்டுவது, பட்டி வைத்துத் தேய்ப்பது, மயிரிழையாக ஜன்னல் கோடு இழுப்பது எல்லாம் இவள். கல்யாணத்துக்கு முன்பே கவரிங் நகை வேலை பார்த்த கை. அவர் ஆசையாக வாங்கி வந்த வெளிநாட்டு ரம்பம் பிளாஸ்டிக்கைப் பிய்த்தபோது, “இத தூரப் போடுங்க” என்று நகை ஆசாரிமார் வைத்திருக்கும் நூல் ரம்பத்தை எடுத்துக் கொடுத்ததும் இவள்தான். தேய்ப்பதற்கு நகம் ராவும் அட்டை போதும் என்று கண்டுபிடித்ததும் இவளே.

நீளமாக்கிய இடது, வலது பாதிகளைச் சேர்த்து மூடுவதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். மூடுமுன் உள்ளே பென்சிலால் பெயர் எழுதுவது மாடல் செய்கிறவர்களின் வழக்கமாம். “நம்ம ரெண்டு பேர் பேரையும் எழுதிட்டேன்டி” என்பார். முடிந்த விமானங்கள் ஏர்போர்ட் ஆபீஸ் அலங்காரத்துக்குப் போவதாகவும் சொல்வார்.

மத்தியானம் செம்பூரிலிருந்து யாசர் என்று ஒருவர் வந்தார். மாடல் கிளப்பில் கூட்டாளியாம். மாலை போட்டுவிட்டு, அண்ணியை இந்தியில் கூப்பிடுவதுபோல ‘பாபி’ என்றபடி அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“மூணு வருஷமா ஃபர்ஸ்ட் பிரைஸ் அண்ணனுக்குத்தான், பாபி. அந்த ஜன்னல் கோடு இருக்கே, மெஷின் போட்ட மாதிரி! நூல் ரம்பம் கூட அவரோட ஐடியாதான். இப்ப கிளப்ல எல்லாரும் அதைத்தான் வச்சிருக்கோம்.”

“அவுகளா சொன்னாவ?”

“ஆமா பாபி. உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னும் சொல்லியிருக்காரு. ‘பொண்டாட்டி கோயிலுக்குப் போனாத்தான் ரம்பத்தையே வெளிய எடுப்பேன்’னு சொல்லிச் சிரிப்பாரு. பாதியில நிக்கிறத எங்ககிட்ட குடுங்க. முடிச்சு அவர் பேர்ல வைக்கிறோம்.”

இசக்கிசெல்வி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். பானுமதிக்கு எல்லாம் தெரியும். இதே அறையில் உட்கார்ந்து, “மைனி, கண்ணு போயிரப் போவுது” என்று எத்தனை நாள் சொல்லியிருக்கிறாள். அவள் இப்போது சேலை நுனியை முறுக்கிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

“செத்தவுகள பத்தி இப்ப என்னத்துக்கு, மைனி.”

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பிரைஸ் வாங்கியிருந்தால் வாங்கியிருக்கட்டும். தன்னை விமானத்துக்கே எதிரி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்து அலமாரி மேலிருந்து பாதிகளை எடுத்தாள். அவற்றில் துண்டைச் செருகி நேற்று சாயங்காலம் ஒட்டிக் காய வைத்தது அவள். அதற்குப் பிறகு அவர் தொட்டிருக்கிறார். இடது பாதியின் உட்புறத்தில் பென்சில் எழுத்து. சுயம்பு, தாராவி. வலது பாதியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றுமேயில்லை.

“குடுங்க பாபி, நான் பத்திரமா...” என்று யாசர் கை நீட்டினார்.

“வேல பாக்கி இருக்கு” என்றாள்.

டப்பாவிலிருந்து நகம் ராவும் அட்டையை எடுத்து, அத்தனை பேர் பார்க்கத் தரையில் உட்கார்ந்து அந்த எழுத்தைத் தேய்த்தாள். எப்போதும் போல ஒரே திசையில், அழுத்தாமல். முதலில் ஊர்ப் பெயர் மங்கியது, தாராவி போனது, பிறகு சுயம்புவும் போனார். யாசர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கையை எப்போது மடக்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வாசலில் தூக்க ஆள் சேர்ந்துவிட்டது. “பொம்பளையாளு வாய்க்கரிசி போட வாங்க” என்று குரல் கேட்டது.

“மைனி, கையக் கழுவிட்டு வாங்க. ஒரே பிளாஸ்டிக் மாவா இருக்கு” என்றாள் பானுமதி.

இசக்கிசெல்வி கழுவவில்லை. அந்தக் கையாலேயே தட்டிலிருந்து அரிசியை அள்ளி, அவர் வாயில் மூன்று முறை போட்டாள். கறுத்திருந்த உதட்டில் வெள்ளைத் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.