தட்டு எட்டும் உயரம்

சின்னையாவின் டயர் கடையில் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அப்பாவுக்குப் போனது. "இது சேத்துல புடிக்குமா?" என்று கேட்டது நான். "புடிக்கும் அண்ணே, ரோட்லதான் சத்தம் போடும்லா," என்று அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். பந்திங்கிலிருந்து கிள்ளான் வரைக்கும் அந்தப் பழைய ஹைலக்ஸ் பிக்கப்பை ஓட்டி வந்தது நான். கோயில் தலைவர் தம்புசாமி, அதாவது என் அப்பா, பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்து வந்தவர்.

திங்கட்கிழமை வரைக்கும்தான் எனக்கு நேரம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்; பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் களப்பணி அதிகாரி. மழை தொடங்கியதிலிருந்து இரண்டு தரம் சதுப்போர ஒன்பதாம் பிளாக்குக்குப் போக முடியாமல் சேற்றில் மாட்டித் திரும்பிவிட்டேன். "திங்கக்கெழமை மூணாவது தரமும் முடியலேன்னா ஆபீஸ்ல கிராணி மேசை காலியா இருக்கு," என்று மேனேஜர் சிரித்தார். டைப்ரைட்டர் தட்டவா நாலு வருசம் மண்ணைப் படித்தேன்?

முப்பத்தோரு இஞ்ச் சேற்று டயரைக் காட்டினேன். பளபளக்கும் ரிம்மை எடுத்து வைத்தார் சின்னையா. வேண்டாம் என்றேன். கறுப்பு இரும்பு ரிம் போதும், நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். ஆனால் அந்த டயர் மட்கார்டில் உரசும், வண்டியைத் தூக்கினால்தான் சுற்றும் என்றார். டயரும் சேர்ந்து வண்டி மொத்தம் மூன்று இஞ்ச் உயரும்.

"தூக்க வேணாம்," என்றார் அப்பா.

"ஏன்?"

"ஆடி மாசம் அம்மன் இதுலதானே வருது. தட்டு எட்டாதும்மா."

பத்து வருசமாக இந்த வண்டியின் பின்தட்டில்தான் அம்மன் ஊர்வலம்; ஐயரும் அம்மன் பக்கத்தில் மேலே நின்றுதான் தட்டை வாங்குவார். தலைவர் என்பதால் முதல் அர்ச்சனைத் தட்டு அப்பாவுடையது. அவர் என் தோள் உயரம்தான்.

"அம்மன் வருசத்துல ஒரு நாளு ஏறுது. நான் தெனமும் ஏறணும்பா."

"ஸ்டூலு போட்டு ஏறச் சொல்றியா, எல்லாரும் பாக்க?"

"ஸ்டூலு என் உபயம் அண்ணே," என்றார் சின்னையா. யாரும் சிரிக்கவில்லை.

"ஐயர் குனியட்டும்," என்றேன்.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "டவுன்லேருந்து வர்றவரு. நமக்கெல்லாம் குனியமாட்டாரு."

இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐயர் மேலா, அப்பா மேலா, தெரியவில்லை. "பின்னால ஜாக்கி போடுங்க அங்கிள். மூணு இஞ்ச் தூக்கிப் பாப்போம்."

சின்னையா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒதுங்கி நின்றார். ஜாக்கி உள்ளே போனது. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி முனகி எழுந்தது. நான் பின்தட்டில் ஏறி, ஐயர் நிற்கும் இடத்தில் நின்றேன்.

தரையில் கிடந்த வீல் கவர் ஒன்றை அப்பா எடுத்தார். அதற்குள் பழைய நட்டுகள். இரண்டு கையாலும் ஏந்தி உயர்த்தினார்.

"எட்டுதான்னு பாரு."

குதிகால் இரண்டும் செருப்பை விட்டு மேலே வந்தன. நட்டுகள் கடகடத்தன. மேலிருந்து பார்க்கையில் அவர் உச்சியில் ஒரு வழுக்கை, ஐந்து காசு அகலம். இதுவரைக்கும் நான் பார்த்ததில்லை.

சின்னையா ஜாக்கியின் பிடியை விடாமல் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "எப்படி தங்கச்சி? போதுமா?"

வீல் கவர் என் முழங்காலுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. நான் இன்னும் குனியவில்லை.